மேட்டில் உறங்குவோர் யார்? மண்கோட்டைக் கதைகளும் நாட்டு மருத்துவரும் நம் அருட்பணியும்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் ஊழியம் செய்யும் போதகர் எவரும் இரண்டு செய்திகளை விரைவில் அறிந்துகொள்வர். ஊருக்கு வெளியே ஏதேனும் ஒரு மண்மேட்டையோ பாழடைந்த கோட்டைத் திடலையோ சுட்டி, உச்சிப்பொழுதில் அப்பக்கம் போகலாகாது என்று பெரியவர்கள் பிள்ளைகளை எச்சரிப்பார்கள், இது ஒன்று. ஞாயிறு காலையில் திருவிருந்தில் பங்குபெறும் குடும்பத்தார் சிலர், வெள்ளிக்கிழமை இரவில் ஒருவருக்கும் தெரியாமல் கோடாங்கியின் வாசலில் நிற்பார்கள், இது மற்றொன்று. இவ்விரண்டையும் 'மூடநம்பிக்கை' என்னும் ஒரே சொல்லால் கடந்துபோவது நம் பிரசங்கங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அச்சொல் எதையும் விளக்குவதில்லை, எவரையும் விடுவிப்பதுமில்லை.

மேட்டைப் பற்றிய கதைகளும் நாட்டு மருத்துவரைப் பற்றிய நம்பிக்கைகளும் எவ்வாறு தோன்றி நிலைக்கின்றன, அவற்றினடியில் கிடப்பது யாது, அதற்குத் திருச்சபை எவ்வகையில் பொறுப்புடையது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஒப்பீட்டிற்காக அயர்லாந்து நாட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறோம். பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ நாடாக விளங்கிய அங்கேயும் இவ்விரண்டும் இணைந்தே வாழ்ந்தன. ஆகவே இவை புறச்சமய எச்சங்கள் என்றும், சுவிசேஷம் வேரூன்றினால் தாமே உதிர்ந்துவிடும் என்றும் நாம் எளிதாக முடிவுகட்ட இயலாது.

1. கரிசல் நாட்டின் மேடுகள்

நம் பகுதியின் மேடுகள் ஒரே வகையின அல்ல. முதல் வகை, பழங்கால மக்கள் வாழ்ந்தும் புதைந்தும் போன இடங்கள். வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2022-ஆம் ஆண்டில் அகழாய்வைத் தொடங்கிற்று. 2023-லும் 2024-லும் பணி தொடர்ந்தது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், நுண்கற்கருவிகள், பொன் அணித் துண்டுகள் எனப் பல்லாயிரம் பொருள்கள் வெளிப்பட்டன. அம்மேடு பலர் உழைத்து, வணிகம் செய்து, பிள்ளைகளுக்குப் பொம்மை செய்து கொடுத்து வாழ்ந்த ஊர் என்பது இன்று ஐயமற விளங்குகிறது.

இத்தகைய இடங்களிலும் தாமிரபரணிக் கரையிலும் வெளிப்படும் முதுமக்கள் தாழிகளைப் பற்றித் தென்தமிழ் நாட்டு மக்கள் சொல்லும் கதையை 1870-களில் பேராயர் கால்டுவெல் பதிவு செய்துள்ளார். முற்காலத்தில் மனிதர் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தனராம். முதுமை முற்றியும் சாவு வரவில்லையாம். உடல் சுருங்கிச் சுருங்கிச் சிறு பிள்ளையளவாயினராம். அவர்களைப் பேணுவது வீட்டாருக்குப் பெரும்பாடாகவே, உணவும் நீரும் எண்ணெயும் வைத்துத் தாழியில் இட்டு ஊருக்கருகே புதைத்துவிட்டனராம். இக்கதையைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் பெரிய தாழிக்குள் சிறிய எலும்புகளும் படையல் கலங்களும் இருப்பதை நேரில் கண்ட மக்கள், கண்ட பொருளுக்குத் தேடிய விளக்கம் இது. அதனுள்ளே ஒரு குற்றவுணர்வும் இருக்கிறது: சாகாத முதியோரைப் பாரமென்று கருதிப் புதைத்தோம் என்னும் அச்சம்.

இரண்டாம் வகை, பாளையக்காரர் எழுப்பிய மண்கோட்டைகளின் எச்சங்கள். 1799-இல் கட்டபொம்மனுடன் சேர்ந்து கும்பினியாரை எதிர்த்த பாளையங்களுள் நம் வட்டாரத்து ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அவ்வாண்டில் வீழ்ந்தது. 1801-இல் ஊமைத்துரை சிறையினின்று தப்பி வந்து அதனைச் சில நாட்களுக்குள் மீண்டும் மண்ணால் எழுப்பினார். அவ்வாண்டு மே மாதத்தில் அது இறுதியாகப் பிடிபட்டுத் தரைமட்டமாக்கப்பட்டது. கோட்டை நின்ற நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தனர் என்றும், ஊர்ப்பெயரையே அரசுக் கணக்குகளிலிருந்து நீக்கினர் என்றும் கூறப்படுகிறது. ஆனால் மக்கள் வாய்மொழியில் அந்த மண் அழியவில்லை. அவ்விடத்தில் முயல் நாயை எதிர்த்து விரட்டியதென்றும், அம்மண்ணைக் கரைத்துக் குடித்த தாயின் பிள்ளை வீரனாகுமென்றும் கதை நிலைபெற்றது. கணக்கேட்டிலிருந்து நீக்கப்பட்ட பெயரைக் கதை காப்பாற்றிக்கொண்டது.

2. அயர்லாந்தின் மண்கோட்டைகள்

அயர்லாந்தின் நாட்டுப்புறத்தில் வட்டமான மண்கரையும் அகழியும் சூழ்ந்த பழைய திடல்கள் ஏறத்தாழ 45,000 உள்ளன. அவற்றை 'ராத்' என்றும் 'லிஸ்' என்றும் அழைப்பர். இவற்றுள் மிகுதியானவை கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில் வேளாண் குடும்பத்தார் தம் வீட்டையும் கால்நடையையும் காத்துக்கொள்ள அமைத்த வளைவுகளே என்பர் தொல்லியலார். ஆனால் பிற்கால உழவர் அவற்றைத் தம் முன்னோர் வீடாகக் கருதவில்லை. மண்ணுக்கடியில் வாழும் 'நல்ல மக்களின்' இருப்பிடம் என்றே நம்பினர். அங்குள்ள முள்மரத்தை வெட்டினாலோ கரையை உழுதாலோ நோயும் சாவும் வரும் என்று அஞ்சினர். இவ்வச்சமே பல்லாயிரம் கோட்டைகளை ஏர்முனையினின்று காத்தது என்பது வியப்பிற்குரிய உண்மை. நம் கோயிற்காடுகளில் மரம் வெட்டலாகாது என்னும் கட்டுப்பாடு பழைய காடுகளின் துண்டுகளைக் காத்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது.

அந்நாட்டு அரசு 1935-இல் நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவிற்று. 1937 முதல் 1939 வரை தொடக்கப்பள்ளி மாணவர்களே தம் தாத்தா பாட்டிமாரிடம் கேட்டுக் கதைகளையும் மருந்துகளையும் எழுதித் தந்தனர். ஏறத்தாழ 5,000 பள்ளிகள் அதில் பங்குகொண்டன. மக்கள் நம்பிக்கையை முதலில் கவனமாகக் கேட்டு எழுதுவது, அதன்பின் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என்னும் முறையை நம் இறையியல் மாணவரும் கைக்கொள்ளலாம்.

இக்கோட்டைகளைப் பற்றிய செய்திகளுள் நமக்கு மிக முக்கியமானது ஒன்றுண்டு. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளைத் திருநிலைப்படுத்தப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யச் சபை இடந்தரவில்லை. தகப்பன் அச்சிற்றுடலை இருட்டில் எடுத்துச் சென்று, ஊரெல்லையிலோ கடற்கரையிலோ பழைய மண்கோட்டைக்குள்ளோ புதைத்துவிட்டு வருவான். பெயர் பொறித்த கல் இராது. 'கில்லீன்' எனப்பட்ட இவ்விடங்களில் இப்படிப் புதைப்பது இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. சபை ஏற்க மறுத்த பிள்ளையை மேடு ஏற்றுக்கொண்டது. அம்மேட்டின் அருகே இரவில் குழந்தை அழுகுரல் கேட்டதாகத் தாய்மார் சொன்னபோது, அதே சபையின் குருமார் அதை மூடநம்பிக்கை என்று கண்டித்தனர். அத்தகைய குழந்தைகளின் மீட்பைக் குறித்து நம்பிக்கை கொள்வதற்குத் தக்க காரணங்கள் உண்டு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் பன்னாட்டு இறையியல் குழு 2007-இல் அறிக்கை வெளியிட்டது. அந்தத் தாய்மாருள் மிகப் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

3. நம் பொறுப்பு

இது கத்தோலிக்கர் குற்றம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலுமா? 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின் அடக்க ஆராதனை முறைமையைத் திறந்து பார்ப்போமாக. ஞானஸ்நானம் பெறாதவர், சபை நீக்கம் செய்யப்பட்டவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகிய மூவகையினருக்கும் இம்முறைமை பயன்படலாகாது என்று அதன் தொடக்கக் குறிப்பே விதிக்கிறது. இந்நூலைக் கையிற்கொண்டே ஆங்கிலத் திருச்சபையின் அருட்பணியாளர் திருநெல்வேலி நாட்டிற்கு வந்தனர். 1854-இல் ராக்லாந்து ஐயரும் அவர்தம் தோழரும் கூடாரமிட்டு ஊர் ஊராகச் சென்று வட திருநெல்வேலி ஊழியத்தைத் தொடங்கினர். ராக்லாந்து 1858-இல் சிவகாசியிலேயே உயிர்நீத்தார். அவர்களுடைய தியாகத்தை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் சுவிசேஷத்தோடு அவ்விதியும் இம்மண்ணுக்கு வந்தது. அவ்விதி பின்னர் தளர்ந்தபோதிலும், துர்மரணம் எய்தியவருக்கு மணி அடிப்பதில்லை, ஆலயத்திற்குள் உடலைக் கொண்டுவருவதில்லை, கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில்தான் குழி என்னும் வழக்கங்கள் சில ஊர்களில் இன்னும் மறையவில்லை.

துர்மரணம் என்னும் சொல் நம் பகுதியில் தனிக்கனம் உடையது. 1920-களில் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியது. பட்டாசுத் தொழில் அதனைத் தொடர்ந்தது. மழை பொய்க்கும் கரிசல் நிலத்தில் இத்தொழில்கள் சோறு போட்டன, உயிரையும் கேட்டன. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவை பெரிய விபத்துகள். ஓரிருவர் மாளும் சிறிய விபத்துகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. உடல் உருக்குலைந்து, முகம் அடையாளம் தெரியாது, பெட்டியைத் திறவாமலே அடக்கம் செய்யப்படும் சாவுகள் இவை. கடைசியாக முகம் பார்க்காத தாய்க்கும் மனைவிக்கும் அச்சாவு முடிவதில்லை.

அகால மரணம் அடைந்தோர் ஆவி, ஆயுள் முடியுமட்டும் அலையும் என்பது நாட்டார் நம்பிக்கை. அதனை இறையியல் கோட்பாடாக ஏற்க நமக்கு இடமில்லை. ஆயினும் முடிவுறாத துக்கத்தைச் சொல்ல மக்களுக்குக் கிடைத்த மொழி அது என்பதை நாம் உணரவேண்டும். இடிந்து கிடக்கும் ஆலைச் சுவரின் பக்கம் இரவில் செல்ல அஞ்சும் மனமும் பழைய மேட்டை அஞ்சும் மனமும் ஒன்றே. ஒழுங்காக வழியனுப்பப்படாத இறந்தோர் அங்கே இருக்கின்றனர் என்பதே இரண்டிற்கும் பொருள்.

4. நாட்டு மருத்துவர் மூவகையினர்

மேட்டைப் பற்றிய அச்சம் இருக்கும் ஊரில் அதைத் தீர்ப்பவரும் இருப்பார். எனினும் நாட்டு மருத்துவர் அனைவரையும் ஒரே கட்டாகக் கட்டுவது தவறு. அவர்களை மூவகையாகப் பிரித்தறிவது போதகருக்கு இன்றியமையாதது.

முதல் வகையினர் மூலிகையும் கைத்திறனும் உடையவர்: எலும்பு கட்டுவோர், சுளுக்கு வழிப்போர், மருத்துவச்சிகள். இவர்களிடம் தலைமுறை அனுபவம் உண்டு. மஞ்சட்காமாலைக்கு இவர்கள் அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லியைச் சென்னை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்ட முடிவு உலக மருத்துவர் கவனத்தை ஈர்த்தது. பின்னர்ப் பிறர் செய்த சோதனைகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. காமாலையிற் சில வகைகள் சில வாரங்களில் தாமாகவே தணிவன. மருந்துண்டவர் பிழைத்ததற்கு அதுவே பெருங்காரணமாகலாம். தாமாகத் தணியாத காமாலையை அவ்வாறு விட்டுவைப்பதே ஆபத்து.

இரண்டாம் வகையினர் தொட்டும் எழுதியும் ஓதியும் குணமாக்குவோர். உடலில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவிமண்ணால் எழுதிக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு நீங்கும் என்பதும், குழந்தைக்குத் தொக்கம் எடுப்பதும், பாம்புக்கடிக்குப் பார்வை பார்ப்பதும் இவ்வகையினவே. அயர்லாந்திலும் ஏழாம் மகனாய்ப் பிறந்தவனுக்குக் குணமாக்கும் கையுண்டு என நம்பினர். இன்ன குடும்பத்தாரிடம் இன்ன நோய்க்கு மருந்துண்டு என்று இன்றும் சொல்வோர் உளர். இவ்விடங்களில் வரம் கற்றதனால் வருவதன்று. பிறப்பினால் அல்லது குலத்தினால் வருவது. அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானே ஆறும்; நஞ்சற்ற பாம்புகளின் கடியும், நஞ்சு இறங்காத கடியும் பல. ஆகவே மருத்துவர் கை ராசியுடையது என்ற பெயர் நிலைக்கிறது. ஆனால் அக்கி கண்ணருகே வந்தால் பார்வையைக் கெடுக்கவல்லது. நல்ல பாம்போ கட்டுவிரியனோ கடித்தவரைப் பார்வை பார்ப்பவரிடம் கொண்டுபோகும் ஒவ்வொரு நிமிடமும், நஞ்சு முறிமருந்து கிடைக்கும் மருத்துவமனையை அடையவேண்டிய நேரத்தினின்று பறிக்கப்படுவதே.

மூன்றாம் வகையினர் குறி சொல்வோர். கோடாங்கி உடுக்கை அடித்து, நோயுற்றவளிடம் பேசும் ஆவியை நோக்கி, 'நீ யார்? எந்த ஊர்? எப்படிச் செத்தாய்?' என்று வினவுகிறார். ஆவி தன் பெயரையும் குறையையும் சொல்கிறது. கிணற்றில் விழுந்த மருமகள், வெந்து மாண்ட பெண் என ஊர் மறக்க விரும்பிய ஒருத்தியின் பெயர் அங்கே பலர் காதுகேட்க உரைக்கப்படுகிறது. பாதிக்கப்பட்ட பெண் தன் வாயால் சொல்லத் துணியாத வேதனை, இறந்தவள் வாயாக வெளிப்படுகிறது. கோடாங்கியின் வல்லமை எங்கிருந்து வருகிறது என்று வாதிடும் நாம், அவர் கேட்கும் அந்தக் கேள்வியை நாம் ஏன் கேட்கவில்லை என்பதையும் சிந்திக்கவேண்டும்.

அயர்லாந்தில் இவ்வகைக்குப் புகழ்பெற்றவர் கிளேர் மாவட்டத்தில் வாழ்ந்த பிடி எர்லி என்னும் மூதாட்டி. 1798-இல் பிறந்து 1870-களில் இறந்த இவரிடம் ஒரு நீலப்புட்டி இருந்ததென்றும், அதில் நோக்கி நோயின் காரணத்தை அறிந்தாரென்றும் கூறுவர். காசு கேளாமல், கொடுத்த பொருளைப் பெற்றுக்கொள்வாராம். குருமார் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் மக்கள் கூட்டம் குறையவில்லை. ஏழை உழவருக்கு எட்டுந்தூரத்தில் வேறு மருத்துவர் அரியர்; மூதாட்டியோ அவர்தம் மொழியிலேயே குறை கேட்டார். அவர் இறந்த பின் கிரகரி சீமாட்டி அவ்வூர்களில் நடந்து திரட்டிய நினைவுகள் 1920-இல் நூலாக வந்தன.

5. கதை கொல்லும்போது

மக்கள் நம்பிக்கையைப் புரிந்துகொள்ளவேண்டும் என்று கூறுவதால் அதனைப் போற்றுகிறோம் என எவரும் கருதலாகாது. அதன் கொடிய முகத்தையும் கண்டேயாக வேண்டும்.

1895-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளீரி என்னும் இளம்பெண் நோயுற்றார். தையல் தொழில் செய்து சொந்தக் காலில் நின்ற பெண் அவர். படுக்கையிலிருப்பது தம் மனைவியல்லள், கோட்டைவாசிகள் அவளைக் கவர்ந்துகொண்டு வேறொருத்தியை வைத்துச் சென்றனர் என்று கணவன் நம்பினான். மூலிகை மருத்துவர் ஒருவர் கொடுத்த மருந்தை உறவினர் பிடித்துக்கொள்ள வாயில் ஊற்றினர். 'கடவுளின் பெயரால் சொல், நீ பிரிஜெட்தானா?' என்ற பொருளில் மீண்டும் மீண்டும் கேட்டனர். அவர் தம் பெயரைச் சொன்னார், கணவன் நம்பவில்லை. இறுதியில் அவரைத் தீக்கிரையாக்கினான். பின்னர்த் தன் உண்மை மனைவி வெள்ளைக் குதிரையில் வெளிவருவாள் என்று அருகிலிருந்த மண்கோட்டையில் காத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது, 1910-இல் விடுதலையானான். அவ்வீட்டில் கூடியிருந்தோர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். அந்நாட்களில் குருவானவரும் அவ்வீட்டிற்கு வந்து சென்றிருந்தார்.

நம் அண்டை மாவட்டத்தில் நடந்ததும் மறக்கத்தக்கதன்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்கா வட்டாரத்தில் இயங்கிய தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட இயலாமல் வெந்து மாண்டனர். குணம் தேடி அவர்களை அங்கே கொண்டுவந்தோர் அவர்தம் குடும்பத்தாரே. அதன்பின் சட்டம் கடுமையாயிற்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளரைச் சங்கிலியிடுவதை முற்றிலும் தடைசெய்கிறது. ஏர்வாடியில் பின்னர்த் தொழுகையையும் மருந்தையும் ஒருங்கே அளிக்கும் திட்டம் ஏற்பட்டது. நேர்ந்துகொள்ள வருவோர் அவ்விடத்திலேயே மனநல மருத்துவரையும் காண வழி பிறந்தது. இதில் நாம் பிறரைக் குறைகூற ஏதுமில்லை. உபவாச ஜெபம் என்ற பெயரால் நோயாளியைக் கட்டிவைப்பதும், மாத்திரையை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளம் என்று போதிப்பதும் கிறிஸ்தவர் நடத்தும் கூட்டங்களிலும் நிகழ்வதுண்டு.

6. வேத வெளிச்சத்தில்

இச்சிக்கலை நோக்குகையில் வேதத்தின் இரு பகுதிகள் நமக்கு வழிகாட்டுகின்றன.

முதலாவது, 1 சாமுவேல் 28. குறிசொல்வோரை நாட்டினின்று துரத்திய சவுல் மன்னனே, கர்த்தர் மறுமொழி தராத வேளையில், மாறுவேடமிட்டு இரவில் எந்தோருக்குச் செல்கிறான். தடைச்சட்டம் குறிசொல்வோரைக் குறைத்திருக்கலாம். குறிகேட்கும் தேவையை அது ஒழிக்கவில்லை. வேடம் பூண்டு இரவில் செல்லும் நம் சபையார் அம்மன்னனின் வழியிலேயே நடக்கின்றனர். வேதம் அவன் செயலைச் சரியெனச் சொல்லவில்லை. எனினும் அவ்வதிகாரத்தின் முடிவில், விழுந்து கிடந்த மன்னனுக்குக் கன்றை அடித்து அப்பம் சுட்டு உண்ணக் கொடுத்தவள் அப்பெண்ணே என்பதையும் வேதம் மறைக்கவில்லை. இரக்கம் காட்டுவோரிடம் மக்கள் செல்வர். அதைப் பிரசங்கத்தால் தடுக்க இயலாது.

இரண்டாவது, மாற்கு 5. கல்லறைகளிடையே வாழ்ந்த ஒருவனை ஊரார் சங்கிலிகளால் கட்டிப் பார்த்துத் தோற்றனர். இயேசு அவனிடம் அவன் பெயரைக் கேட்கிறார். கோடாங்கியும் பெயர் கேட்கிறார். பிரிஜெட்டின் உறவினரும் கேட்டனர். ஆனால் விளைவு வேறு. கணவனோ தன் கதைக்கு ஒத்த விடை வரவில்லையென்று பெண்ணைக் கொன்றான். இயேசு கேட்டதன் முடிவில் அம்மனிதன் ஆடை உடுத்து, தெளிந்த புத்தியுடன் உட்கார்ந்திருக்கிறான். தன் வீட்டாரிடம் அனுப்பப்படுகிறான். குணமாக்கல் எதுவாயினும் அதனைச் சோதிக்கும் உரைகல் இதுவே எனத் துணிந்து கூறலாம்: அது சங்கிலியைக் கழற்றுகிறதா, பூட்டுகிறதா? அவனைத் தன் பெயரோடும் தன் வீட்டோடும் மீண்டும் சேர்க்கிறதா, குணமாக்குபவரின் வாசலிலேயே நிரந்தரமாக நிறுத்திவிடுகிறதா? இவ்வுரைகல்லில் சில நாட்டு மருத்துவர் தேறுவர். சில ஜெப வீரர் தேறமாட்டார்.

7. ஊழியத்தில் நாம் செய்யக்கூடியவை

முதலாவது, அடக்க ஆராதனையை எவருக்கும் மறுக்கலாகாது. பிறந்தவுடன் இறந்த சிசுவிற்கும், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவருக்கும், ஆலைத்தீயில் உருக்குலைந்தவருக்கும் மணி ஒலிக்கட்டும், பெயர் உரைக்கப்படட்டும். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்று நாட்டின் சட்டம் 2017-இலேயே கூறிவிட்டது. நாட்டின் சட்டம் காட்டும் இரக்கத்தைவிடக் குறைந்த இரக்கத்தை ஆலய வாசலில் காட்டுவது நமக்குத் தகாது.

இரண்டாவது, கல்லறைத் திருநாளில் தோட்டத்தின் ஓரத்துக் குழிகளுக்கும் செல்வோமாக. விபத்து நிகழ்ந்த ஊர்களில் அந்நாளையொட்டி, சாதி சமய வேறுபாடின்றி மாண்டோர் அனைவர் பெயரையும் வாசித்து ஜெபிக்கலாம். ஒருமுறை ஒழுங்காக உரைக்கப்பட்ட பெயர், மேட்டில் அலையவேண்டியதில்லை.

மூன்றாவது, உடலைக் காக்கும் எளிய அறிவைச் சபையில் கற்பிப்போமாக. தீக்காயத்தின்மேல் மையோ மாவோ பற்பசையோ பூசாமல், ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, தூய துணியால் மூடி, உடனே மருத்துவமனை சேர்க்கவேண்டும் என்பது சிவகாசி வட்டாரத்துச் சிறுவரும் அறியவேண்டிய பாடம். பாம்புக்கடிக்கும் பார்வை நேரத்தை வீணாக்கும் என்பதைக் கூறவேண்டும். மருத்துவச்சியையும் எலும்பு கட்டுவோரையும் பழிக்காமல், எந்நிலையில் நோயாளியை அரசு மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும் என்று அவர்களோடு அமர்ந்து பேசலாம்.

நான்காவது, கோடாங்கியிடம் சென்று வந்தவரைத் திருவிருந்தினின்று விலக்குமுன், அவரது வீட்டிற்குச் செல்வோமாக. என்ன நேர்ந்தது, யார் இறந்தார், யாருக்கு உறக்கம் இல்லை என்று கேட்போமாக. விடை நாம் எதிர்பாராததாக இருப்பினும் அதனை நம்புவோமாக. மனநோய் எனத் தோன்றினால் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் உடன் செல்வோமாக. ஜெபமும் உடன் செல்லட்டும்.

வெம்பக்கோட்டை மேட்டைத் தொல்லியலார் அங்குலம் அங்குலமாக, தூரிகையால் மண் துடைத்து, ஒவ்வொரு மணிக்கும் எண் இட்டு ஆராய்ந்தனர். அங்கே கிடந்தது பூதமன்று. மக்கள் வாழ்ந்த வீடும் அவர்தம் பிள்ளைகள் ஆடிய பொம்மையும் என்று கண்டனர். நம் சபை மக்களின் அச்சங்களையும் அத்தகைய பொறுமையோடு அகழ்ந்து பார்ப்போமாயின், அங்கேயும் பெயருள்ள மனிதர்களையே காண்போம். அவர்கள் பெயரைக் கேட்டறிந்து, ஆண்டவர் சந்நிதியில் அதனை உரைப்பது நமக்கு அளிக்கப்பட்ட ஊழியம். அதை நாம் செய்யாத ஊரில் கோடாங்கியே செய்துகொண்டிருப்பார்.